நம்பர் இல்லாத டிவி

வில்லியனூர், பாகூர் பக்கம் இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் டிவிக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குச்சி செருகியிருக்கிறது. ஸ்டிக் என்கிறார்கள். சில வீடுகளில் அது சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா. "கேபிளை எடுத்தாச்சு, இனிமே எல்லாம் நெட்டுலதான்" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வது ஒரு பெருமை ஆகிவிட்டது. சொல்பவர் யார் என்று கவனித்தால், பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பார். பகல் முழுவதும் அந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று என் அக்கா மூலமாகத்தான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் டிவி நம் பக்கம் வந்த கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

நம் தலைமுறைக்கு முதலில் வந்தது ரேடியோ. புதுச்சேரி வானொலி நிலையம் வந்தது 1967-ல். ரேடியோவில் ஒரு வசதி: திருகினால் பேசும், திருகினால் நிற்கும். அதைப் போட யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி. சென்னை நமக்கு 150 கிலோமீட்டர். இருந்தாலும் விடவில்லை. வசதியானவர்கள் மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் மேலே நின்று குழாயைத் திருப்புவார். கீழேயிருந்து இன்னொருவர் "வருது, வருது... போச்சு, கொஞ்சம் கெழக்க திருப்பு" என்று கத்துவார். படத்தில் பாதி ஈ மொய்த்த மாதிரி புள்ளி. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் அந்த வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்காது. 1987 ஜனவரியில் ராமாயணம் தொடங்கியபோது பாஷை புரியாவிட்டாலும் கதை தெரியும் என்று ஞாயிறு காலையில் ஊரே உட்கார்ந்தது.

1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அதோடு கேபிள் வந்தது. கேபிளோடு கேபிள்காரர் வந்தார். இவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் ஊர்க் கேபிள்காரர் முதலில் சைக்கிளில், பிறகு டி.வி.எஸ். 50-ல் வருவார். மாதம் ஒருமுறை பணம் வாங்க வரும்போது, "ஆயா, படம் நல்லா தெரியுதா?" என்று கேட்டு, தெரியாவிட்டால் அவரே டிவியைத் தட்டி, ஒயரை நசுக்கிச் சரிசெய்துவிட்டுப் போவார். ஏதாவது புதுச் சேனல் வந்தால் எந்த நம்பர் என்று சொல்லிவிட்டுப் போவார். பின்னால் செட்டாப் பாக்ஸ் வந்து, 2019 பிப்ரவரியில் டிராய் புதுக் கட்டண முறை கொண்டுவந்து, 100 சேனலுக்கு 130 ரூபாய், அதற்கு மேல் வரி, அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை என்று தலை சுற்றியபோதும், வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

ஆக, ரேடியோ முதல் கேபிள் வரை எதுவாக இருந்தாலும் இரண்டு விஷயம் மாறவில்லை. ஒன்று, பட்டனை அழுத்தினால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, ஓடாவிட்டால் கூப்பிடுவதற்கு ஊரிலேயே ஓர் ஆள் இருந்தார். ஸ்டிக் வந்தபோது இந்த இரண்டுமே போய்விட்டன.

ஸ்டிக் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிவியின் பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. என்று ஒரு தட்டையான துளை இருக்கும். அதில் செருக வேண்டும். ஒரு சார்ஜர் மூலமாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். வீட்டு வைஃபையோடு இணைக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். இணையத்திலிருந்து படத்தைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும். பழைய பெட்டி டிவியில் எச்.டி.எம்.ஐ. இருக்காது, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைதான் இருக்கும். அதற்கு நடுவில் மாற்றித் தரும் ஒரு சிறு கன்வெர்ட்டர் வாங்கிப் போடலாம். படம் சுமாராகத்தான் வரும்.

இந்தச் சாதனம் அமெரிக்காவில் 2008-லேயே பரவத் தொடங்கியது. ரோகு என்ற கம்பெனி நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பதற்கென்றே ஒரு பெட்டி விற்றது. ரோகு என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு. அதை ஆரம்பித்தவருக்கு அது ஆறாவது கம்பெனியாம், அதனால் அந்தப் பெயர். இந்தியாவுக்குக் கூகுளின் குரோம்காஸ்ட் 2014 டிசம்பரில் வந்தது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு வந்தது. 2021-ல் அந்த ஸ்டிக்கைச் சென்னையிலேயே தயாரிக்கப் போகிறோம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. ஆக, எங்கோ சீமையில் செய்த மாயப் பொருள் என்று பயப்பட வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் கைபட்ட பொருளாகவும் இருக்கலாம்.

இனி அக்காவுக்கு வருகிறேன்.

அக்காவுக்கு 78 வயது. வில்லியனூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன், அதாவது என் மருமகன், பெங்களூரில் வேலை. நல்ல பிள்ளை, தினமும் ராத்திரி அம்மாவுக்குப் போன் போடாமல் தூங்க மாட்டான். போன பொங்கலுக்கு வந்தவன், அம்மாவுக்கு நல்லது செய்யலாம் என்று வீட்டுக்கு ஃபைபர் நெட் போட்டு, ஒரு ஆண்ட்ராய்டு வகை ஸ்டிக் வாங்கி மாட்டி, கேபிளை எடுத்துவிட்டுப் போனான். "மாமா, மாசம் முந்நூறு ரூவா தண்டம். இதுல அம்மா எப்ப வேணா எந்தப் படம் வேணா பாக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் பாகூரிலிருந்து ஸ்கூட்டரில் போயிருந்தேன். டிவி மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. டிவி மேல் துண்டு போர்த்துவது நம் வீடுகளில் ஊருக்குப் போகும்போதுதான்.

"என்னக்கா, டிவி பாக்கறதில்லையா?"

"கண்ணு கூசுதுடா தம்பி. அதான் போடறதில்ல."

கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி நன்றாகத்தான் இருந்தாள். தேங்காய் ஓட்டில் ஒட்டியிருந்த நாரைக்கூட எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மேலே கேட்கவில்லை. காபி கொடுத்தாள். குடித்து முடிக்கும்போது அவளே சொன்னாள்.

"நாலு நாள் நல்லாத்தான் பாத்தேன். அஞ்சாம் நாள் போட்டா இங்கிலீசுல என்னமோ கேக்குது. எதையோ அமுக்கினேன். நீலமா ஆயிடுச்சி. எதிர் வீட்டுப் பையனக் கூப்பிட்டுப் போட்டுக்கிட்டேன். மறுநாளும் அப்படியே ஆச்சி. மூணாவது நாள் கூப்பிட்டப்ப அவன் அவங்க அம்மாகிட்ட, 'இந்தப் பாட்டி தினம் கூப்புடுது'ன்னான். காதுல வுழுந்துச்சி. சின்னப் பையன், அவன் பேர்ல தப்பில்ல. பரிச்சைக்குப் படிக்கறான். அதோட வுட்டுட்டேன்."

"தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" மகனைத்தான் எங்கள் வீட்டில் தம்பி என்போம்.

"ஆசையா வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கான். ராத்திரி போன்ல, 'அம்மா, டிவி நல்லா வருதா?'ன்னு கேக்கறான். வருதுப்பான்னு சொல்லிட்டேன்."

ஐந்து வாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றியதிலிருந்து ஒன்பது மணிக்குப் படுக்கும் வரை, அந்த வீட்டில் ஒரு குரலும் இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மகனிடம் நல்லா வருது என்று சொல்லிக்கொண்டு. அன்று வீடு திரும்பும் வழி முழுக்க எனக்கு இதே நினைப்பு.

அக்கா ஒன்றும் விவரம் இல்லாதவள் அல்ல. ஐந்தாவது வரை படித்தவள். தினத்தந்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். கேபிள் இருந்தபோது எந்தச் சேனல் எந்த நம்பர் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நம்பரை அழுத்தினால் சேனல் வரும். ஸ்டிக்கின் ரிமோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் நம்பரே கிடையாது! ஒரு வட்டம், நான்கைந்து பட்டன், அவற்றின் மேல் படங்கள். டிவியைப் போட்டால் எந்த நிகழ்ச்சியும் ஓடிக்கொண்டிருக்காது. கட்டம் கட்டமாகப் படங்கள். எது வேண்டும் என்று அது நம்மைக் கேட்கும். கீழே எழுத்தெல்லாம் ஆங்கிலம். நாற்பது வருஷமாக டிவி என்ன காட்டியதோ அதைப் பார்த்துப் பழகியவளிடம், இன்றைக்கு என்ன பார்க்கப் போகிறாய் என்று தெரியாத பாஷையில் கேட்டால் என்ன செய்வாள்?

அடுத்த வாரம் நான்கு நாள் தொடர்ந்து போனேன். என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் பாஷை. செட்டிங்ஸில் மொழி என்ற இடத்தில் தேடினால் பட்டியலில் தமிழ் இருந்தது. மாற்றினேன். ஒவ்வொரு ஆப்பும் தமிழுக்கு மாறவில்லை என்றாலும் முகப்புப் பக்கம் மாறிவிட்டது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அட, இதுக்குத் தமிழு தெரியுமா?" என்றாள். பொங்கலிலிருந்து அந்த வீட்டில் இருந்த பொருள், அன்றுதான் அவளுக்கு அறிமுகம் ஆனது.

இரண்டாவது, அந்த நீலத் திரை. நோ சிக்னல் என்று வருவது. டிவிக்கு ஒரு ரிமோட், ஸ்டிக்குக்கு ஒரு ரிமோட் என்று இரண்டு இருந்தன. டிவி ரிமோட்டில் சோர்ஸ் என்றோ இன்புட் என்றோ ஒரு பட்டன் இருக்கும். கை தவறி அதை அழுத்தினால் டிவி வேறு ஓட்டையைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஸ்டிக் பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. பத்துக்கு எட்டு வீட்டில் டிவி கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். இதற்கு வழி, டிவியின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. ஸ்டிக் ரிமோட்டை அழுத்தினாலே டிவியும் சேர்ந்து எழுந்து, சரியான ஓட்டைக்கு மாறிக்கொள்ளும்படி செய்யலாம். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை ஆன் செய்துவிட்டு, டிவி ரிமோட்டை எடுத்து பீரோவில் வைத்துவிட்டோம். வீட்டில் ஒரே ரிமோட்.

மூன்றாவது, பட்டன்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி வழவழப்பு. அடையாளத்துக்கு என்ன ஒட்டலாம் என்று யோசித்தபோது, அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். அத்தான் இருந்தபோது வாங்கியது. அதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "கெடக்கட்டும், இதுக்காவது ஆவட்டும்" என்றாள். வீடு போல் படம் போட்ட பட்டனில் ஒரு சிவப்புப் பொட்டு. எங்கே மாட்டிக்கொண்டாலும் அதை அழுத்தினால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம். மைக் படம் போட்டதில் ஒரு பச்சைப் பொட்டு. இந்த இரண்டு மட்டும் தெரிந்தால் போதும் என்று சொன்னேன். உண்மையிலேயே அந்த இரண்டு போதும்.

நான்காவது, பேசுவது. பச்சைப் பொட்டை அழுத்திக்கொண்டு வேண்டியதைத் தமிழில் சொன்னால் யூடியூப் தேடித் தருகிறது. அக்காவுக்கு முதலில் கூச்சம். என்னை வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு, உள்ளே மரியாதையாக, "கொஞ்சம் நம்ம கோயில் தேர் போடுப்பா" என்றாள். அதற்கு யார் கோயில் என்று எப்படித் தெரியும்? ஏதோ ஊர்த் தேர் வந்தது. "வில்லியனூர்னு சொல்லுக்கா" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தேன். திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவள் தெருமுனையைத் தாண்டிப் போகிற தேர்தான். மூட்டுவலி வந்ததிலிருந்து கூட்டத்தில் போய் நிற்க முடியாமல், வாசலில் உட்கார்ந்து உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுத் தேரையும் பார்த்தாள். வடம் பிடித்தவர்களில் தெரிந்த முகம் யார் யார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆனால் அவள் நிஜமாக மாறிப்போனது கூத்தில்தான். நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படிப்பதும், ராத்திரி முழுக்கக் கூத்தும், கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் உண்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் சாக்கு விரித்து, பாதித் தூக்கத்தில் அர்ஜுனன் தபசு பார்த்தவர்கள்தான் நாம் எல்லோரும். இத்தனை வருஷம் எத்தனை சேனல் வந்தது, எதிலாவது ஒரு ராத்திரிக் கூத்தை முழுசாகக் காட்டியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. விளம்பரக்காரர்கள் அதற்கு எங்கே வரப்போகிறார்கள்? யூடியூபில் விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கத்துக் கூத்துகளை யார் யாரோ இளைஞர்கள் படம் பிடித்து ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள். அக்கா இப்போது அதைத் தவணை முறையில் பார்க்கிறாள். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரும் என்பதுதான் இந்தச் சாதனத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம். "தூக்கம் வந்தா அவங்க நமக்காக நிக்கறாங்கடா" என்கிறாள்.

இந்த விஷயத்தில் கேபிளால் ஸ்டிக்கை அடித்துக்கொள்ள முடியாது. என் நண்பர் ஒருவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் இருப்பவர். அவர் தன் ஸ்டிக்கில் டிவி5மோந்த்பிளஸ் என்ற ஆப்பை வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் படங்களாகப் பார்க்கிறார். 2020-ல் தொடங்கிய இலவச ஆப் அது. மெனு முழுவதையும் பிரெஞ்சுக்கு மாற்றி வைத்துவிட்டார். இப்போது அவர் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு ரிமோட்டைத் தொட வழியில்லை. யார் பாஷையில் டிவி பேசுகிறதோ அவர்தான் வீட்டுக்கு முதலாளி!

இனிக் காசு விஷயம். ஸ்டிக் வாங்கினால் எல்லாம் இலவசம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டிக் கதவு மாதிரிதான். உள்ளே யூடியூப் போலச் சில அறைகள் இலவசம், மற்றவற்றுக்கு வாடகை. ஒவ்வொன்றுக்கும் மாதமோ வருஷமோ தனித்தனியாகக் கட்ட வேண்டும். என்னோடு காலையில் நடக்க வரும் ஒருவரின் பென்ஷன் கணக்கிலிருந்து மூன்று ஆப்புகளுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. ஒன்றைக்கூட அவர் திறந்ததில்லை. பேரன் ஒரு மாதம் இலவசம் என்று பார்க்கப் போட்டது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது. இப்படித் தானாகப் போகிற பணத்துக்கு ரிசர்வ் வங்கி ஒரு காப்பு வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்தவும் வழி தர வேண்டும். ஆகவே வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

நெட் செலவும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜி.பி. வரை, எச்.டி. என்றால் 3 ஜி.பி. வரை, 4கே என்றால் 7 ஜி.பி. வரை ஆகும். தினம் 1.5 ஜி.பி. போன் பேக்கை ஹாட்ஸ்பாட் போட்டு எச்.டி.யில் டிவி பார்த்தால் ஒரு படத்தின் இடைவேளை வரைகூடத் தாங்காது. தினமும் பார்ப்பதானால் வீட்டுக்கு ஃபைபர் இருக்க வேண்டும்.

ஃபைபர் இருந்தாலும் அது ஒரு கம்பிதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை, ஒரே நாளில். அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. அந்த இரண்டு மூன்று நாளில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, நெட் இல்லை, கேபிள் இல்லை, போன் டவரும் வந்து வந்து போனது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்த ரோடு மூடியிருக்கிறது என்பதுதான் அப்போது உயிர் போகிற விஷயம். அதைச் சொன்னது பேட்டரி ரேடியோ. 2011 தானே புயலுக்கும் அதுதான் சொன்னது. அக்கா வீட்டிலும் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வைத்து, அதற்கும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டேன்.

கடைசியாக, கேபிளைத் திரும்பப் போட்டோம். குறைந்த பேக்தான். மருமகனிடம் நான் பேசினேன். "அம்மா சொல்லவேயில்லையே மாமா" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே கேபிள்காரருக்குப் பணம் அனுப்பிவிட்டான். ஏன் திரும்பக் கேபிள் என்று கேட்கலாம். லோக்கல் சேனலில் வருகிற உள்ளூர்ச் செய்தி, கோயில் விசேஷம், யார் வீட்டுச் சாவு, எப்போது எடுக்கிறார்கள் என்பதெல்லாம் ஸ்டிக்கில் வருவதில்லை. 78 வயதில் அக்காவுக்கு அதுதான் முக்கியச் செய்தி. அதோடு, பட்டனை அழுத்தியதும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் ஒரு குரல் பேசத் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிற சாயங்காலங்கள் தனியாக இருப்பவர்களுக்கு உண்டு. மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒருமுறை டிஷ் வாங்கி மாட்டினால் போதும். தமிழ்ச் சேனல்கள் குறைவு, அவ்வளவுதான். பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனல் அதில் வரும்.

இப்போது அக்கா பகலில் கேபிள் பார்க்கிறாள், ராத்திரி கூத்து பார்க்கிறாள். டிவி ரிமோட் பீரோவை விட்டு வெளியே வந்துவிட்டது. எந்த ரிமோட்டில் எது என்று அவளுக்கே தெரிகிறது. எதிர் வீட்டுப் பையன் பரீட்சை முடிந்து, அவன் அம்மாவோடு வந்து ஒருநாள் கூத்து பார்த்துவிட்டுப் போனானாம். அன்று டிவியைப் போட்டது அக்கா. இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அப்பா அம்மாவுக்கு ஸ்டிக் வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாங்கிக் கொடுங்கள், நல்ல பொருள்தான். மாட்டிவிட்டு, இரண்டு நிமிஷம் நீங்கள் போட்டுக் காட்டிவிட்டு, பஸ் பிடித்துவிடாதீர்கள். லீவில் ஒரு நாள் கூடத் தங்குங்கள். ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வாசலில் போய் உட்காருங்கள். உங்களைக் கூப்பிடாமல் அவர்களாகவே மூன்று முறை போட்டு, மூன்று முறை அணைத்தால், அதற்குப் பிறகு கேபிளை எடுப்பதா வேண்டாமா என்று அவர்களையே கேளுங்கள்.